கும்பலோடு கோவிந்தா: ஒரு பால் டின் சொல்லும் பாடம்

புக்கிட் தெங்காவில் ஏதாவது ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்து, தே தாரேக் ஆற்றுகிறவரின் மேசையைப் பாருங்கள். மூடி திறந்த கெட்டிப்பால் டின் ஒன்று அங்கே நிற்கும். டின்னைச் சுற்றிய தாளில் பொடி எழுத்தில் ஒரு மலாய் வரி. கைக்குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல என்பது அதன் பொருள்.

தேநீரில் கலக்கும் பாலைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றாது என்றால் அந்த எச்சரிக்கை எதற்கு?

ஒரு காலத்தில் தோன்றியது. தோன்றும்படி செய்தார்கள். மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் எத்தனையோ குழந்தைகள் டின் பால் குடித்தே வளர்ந்தன. எத்தனையோ குழந்தைகள் அதைக் குடித்தும் வளராமல் போயின. அந்தத் தாய்மார்கள் பிள்ளை மேல் பாசம் இல்லாதவர்களா? இல்லை. "நாகரிகமான தாய்மார்கள் எல்லாரும் இதைத்தான் கொடுக்கிறார்கள்" என்று சொன்ன விளம்பரத்தை அவர்கள் நம்பினார்கள். அந்த 'எல்லாரும்' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கும் பிழையைப் புரிந்துகொள்ள, பினாங்கு மாநிலத்தின் கதையைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

வாத்திய வண்டி

"கும்பலோடு கோவிந்தா" என்று தமிழில் சொல்வதுண்டு. பெருமாள் கோயிலில் முன்வரிசையில் இருப்பவர் எதையோ கண்டு "கோவிந்தா" என்பார். பின்வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவரும் குரல் கொடுப்பார். பக்தியில் அதனால் நஷ்டமில்லை. கடைக்குப் போகும்போது அதே பழக்கம் வந்தால் நஷ்டம் உண்டு.

இதற்கு மேல்நாட்டார் வைத்த பெயர் 'வாத்திய வண்டி'. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சர்க்கஸ் ஊருக்குள் வரும்போது அலங்கார வண்டி ஒன்றில் வாத்தியக்காரர்கள் முன்னால் வருவார்கள். இசையைக் கேட்டு ஜனங்கள் பின்னால் ஓடுவார்கள். அரசியல்வாதிகளும் ஓட்டுக் கேட்க அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1937-ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய பிரசார ஆய்வுக் கழகம், மக்களை மயக்கும் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று இந்த வாத்திய வண்டி. 'எல்லாரும் ஏறிவிட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய்?' என்று கேட்பதுதான் அந்த உத்தி.

தர்க்கத்தில் இது ஒரு பிழை. பலர் செய்கிறார்கள் என்பது ஒரு செய்தி. அது நல்லது என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்றுவிடுகிறார்கள். விளம்பர உலகம் இதைத் தன் மூலதனமாகவே வைத்திருக்கிறது.

பினாங்கில் இறங்கிய பால்

சுவிட்சர்லாந்தின் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனியும் நெஸ்லே கம்பெனியும் 1905-இல் ஒன்றாயின. மலாயாவில் அந்தக் கூட்டு நிறுவனம் கால் பதித்த இடம் பினாங்கு. ஆண்டு 1912. பால் தரும் மாடு அதிகம் இல்லாத, வெயில் கொளுத்தும் ஊரில் கெடாத பால் என்பது உண்மையிலேயே ஒரு வரம். காப்பிக்கும் தேநீருக்கும் அது வந்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் 'மில்க்மெய்டு' முத்திரைப் பாலுக்கு ஆங்கில விளம்பரங்களில் போட்ட வாசகம் ஒன்று உண்டு: "உலகிலேயே அதிக விற்பனை". பாலில் என்ன சத்து இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைத்தான் சொன்னது. வாத்திய வண்டியின் முதல் மேளச் சத்தம் அது.

டின் பால் குழந்தையின் வாய்க்குப் போனபோதுதான் விபரீதம் ஆரம்பித்தது. சர்க்கரை மிகுந்த கெட்டிப்பால், அதிலும் கொழுப்பு நீக்கியது, குழந்தைக்கு முழு உணவு ஆகாது. கொழுப்போடு ஏ, டி வைட்டமின்களும் போய்விடுகின்றன. ஏ குறைந்தால் கண் கெடும். டி குறைந்தால் எலும்பு வளையும். கொழுப்பு நீக்கிய கெட்டிப்பால் குழந்தைக்கு ஆகாது என்று டின்னிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1920-களிலேயே வந்துவிட்டது. காலனி நாடுகளிலோ அதே வகைப் பால் குழந்தைகளின் புட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்த்த விதம்

ஒரு தாய் தன் மார்பில் பால் இருக்கும்போது காசு கொடுத்து டின் வாங்குவாளா? சும்மா கேட்டால் வாங்கமாட்டாள். ஆகவே முதலில் ஒரு கூட்டத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. புட்டிப் பால் என்பது படித்த, பட்டணத்து, வசதியான குடும்பத்தின் அடையாளம் ஆயிற்று. சிங்கப்பூரில் பால் கம்பெனிகள் பெண்களுக்குத் தாதியர் போல வெள்ளை உடுப்பு மாட்டி, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் வீடுகளுக்கு அனுப்பின. வெள்ளை உடுப்பைப் பார்த்த தாய், ஆஸ்பத்திரியே சொல்வதாக நினைத்தாள். பிற்காலத்தில் பல நாடுகளின் பிரசவ வார்டுகளில் இலவச மாதிரி டின்கள் வந்து இறங்கின.

இதில் இயற்கை விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். நான்கு நாள் புட்டியைக் கொடுத்து மார்பை மறந்தால் சுரப்பு குறையும். இலவச டின் தீரும்போது தாயின் பாலும் வற்றத் தொடங்கியிருக்கும். அடுத்த டின்னைக் கடையில் வாங்காமல் தீராது. மற்ற பொருளாக இருந்தால் 'ஏமாந்துவிட்டோம்' என்று வண்டியிலிருந்து குதித்துவிடலாம். இந்த வண்டியில் ஏறியவர்களில் பலருக்கு இறங்கும் படியே இல்லை.

இப்படித் தெருவில் பத்து வீடுகள் மாறினால், பதினோராம் வீட்டுத் தாய்க்கு விளம்பரமே தேவையில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்தே அவள் மாறிவிடுவாள். 'எல்லாரும்' என்ற பொய் அப்போது உண்மையாகியும் விடும்! அதுதான் இந்த உத்தியின் சாமர்த்தியம்.

ஒற்றைக் குரல்

அந்த நேரத்தில் கூட்டத்துக்கு எதிராக ஒரு டாக்டர் எழுந்தார். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893-இல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலை பார்த்தபோது, உடல் வீங்கிச் சாகும் குழந்தைகளைக் கவனித்து, 'குவாஷியோர்கர்' என்ற சத்துக்குறை நோயை 1930-களில் மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அந்த ஊர்ப் பெண்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் அந்தப் பெண்களின் பேச்சைக் காதில் வாங்கினார். அதுவே அவருடைய பெருமை.

1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது டின் பாலால் நலிந்த குழந்தைகளை. 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது, 'பாலும் கொலையும்' என்று அவர் தலைப்பு வைத்தார். குழந்தைக்கு ஆகாத பாலைத் தவறான பிரசாரத்தால் கொடுக்க வைத்து, அதனால் வரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார். வியாபாரிகளும் கனவான்களும் நிறைந்த சபையில் ஓர் அரசாங்க டாக்டர் இப்படிப் பேசுவது எவ்வளவு துணிச்சல்!

சில ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பசியும் நோயும் நிறைந்த அந்தச் சிறை வாழ்வில் 20 குழந்தைகள் பிறந்தன. அங்கே டின் பாலுக்கு வழியில்லை. 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது. 20 குழந்தைகளும் பிழைத்தன. இது அவரே பின்னாளில் சொன்ன கணக்கு. உலகிலேயே அதிக விற்பனை என்ற பெரிய எண்ணையும் சாங்கியின் இந்தச் சின்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எண் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சொல்கிறது. சின்ன எண் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறது. ஒரு தாய் எதைக் கேட்க வேண்டும்?

போர் முடிந்த பின் 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானவர் இவரே.

ஆயாக் கொட்டகை முதல் தொழிற்சாலை வரை

இதில் தமிழர் பங்கு எங்கே? இன்றைய செபராங் பிறை, அன்றைய வெல்லெஸ்லி மாகாணம், 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கும் பேர்போனது. அந்த வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்.

தோட்டத்துத் தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனால், திரும்பும்போது வெயில் ஏறிவிடும். இடையில் பசித்த குழந்தைக்கு என்ன வழி? புட்டிதான். டின் தீராமல் இருக்கப் பாலில் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது, புட்டி கொதிநீரில் கழுவப்பட்டதா என்று பார்க்க நேரமோ விறகோ இருக்காது. ஒரே மாவு, ஒரே புட்டி. சுத்தமான குழாய்த் தண்ணீரும் அடுப்பும் உள்ள வீட்டில் அது ஒரு விதம், தோட்டத்து லயத்தில் வேறு விதம். விளம்பரத்தில் சிரித்த குழந்தை முதல் வீட்டுக் குழந்தை. விளம்பரத்தை நம்பியதோ இரண்டாம் வீடும்தான். 'எல்லாரும்' என்ற சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டது.

1970-களில் பினாங்கு தொழிற்சாலைகளின் மாநிலமாக மாறியது. பிறையிலும் பின்னர் புக்கிட் தெங்காவிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்ணின் மகள் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள். ஆயாக் கொட்டகைக்குப் பதில் பக்கத்து வீட்டு அக்காளோ குழந்தைப் பராமரிப்பு நிலையமோ வந்தது. புட்டி மட்டும் மாறவில்லை. ஆகையால் இந்தத் தாய்மார்களை விளம்பரத்துக்கு மயங்கியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். வேலை நேரமும் விடுப்பும் சரியாக இல்லாத இடத்தில் விளம்பரம் சுலபமாக நுழைகிறது. மலேசியாவில் தனியார் துறைப் பெண்களின் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரியில்தான்.

பினாங்கிலிருந்து ஜெனீவாவுக்கு

பால் இறங்கிய அதே பினாங்கில்தான் அதைக் கேள்வி கேட்கும் குரலும் பலமாக எழுந்தது. 1969-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. தமிழகத்திலிருந்து சிறுவனாக வந்து பினாங்கில் வணிகரான எஸ்.எம். முகமது இட்ரிஸ், 2019-இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்து வழிநடத்தினார். சங்கத்தின் தொடக்கக் காலத்தில் அதோடு சேர்ந்து உழைத்த அன்வர் ஃபசால், 1978-இல் பன்னாட்டுப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானார்.

உலகத்திலும் அப்போது சூடு பிறந்திருந்தது. 1974-இல் பிரிட்டனின் 'வார் ஆன் வான்ட்' அமைப்பு, புட்டிப் பால் விற்பனை முறையைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் ஓர் இளைஞர் குழு அதை நெஸ்லேயின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு மொழிபெயர்த்து வெளியிட, கம்பெனி வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு வந்தது. கம்பெனி வென்றது, குழுவினருக்குச் சிறு அபராதம். ஆனால் விளம்பர முறைகளை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று நீதிபதி கம்பெனிக்கும் சொன்னார். 1977 ஜூலையில் அமெரிக்காவில் நெஸ்லே பொருள் புறக்கணிப்பு தொடங்கியது.

1979 அக்டோபரில் ஜெனீவாவில் குழந்தை உணவுக்கான பன்னாட்டுச் செயல் வலையமைப்பு உருவானது. அதை உருவாக்கியவர்களில் அன்வர் ஃபசாலும் ஒருவர். அதே ஆண்டில் மலேசியாவும் குழந்தைப் பால் பொருள்களுக்கு நெறிமுறை ஒன்றை வகுத்தது. 1981 மே 21 அன்று உலகச் சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கு ஒரு பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118 ஓட்டு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அது அமெரிக்கா. மூன்று நாடுகள் நடுநிலை.

அந்த நெறிமுறை எதையெல்லாம் தடுத்தது? பொதுமக்களுக்கான விளம்பரம் கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது. மயக்கும் குழந்தைப் படம் டின்னில் கூடாது. கம்பெனிச் சம்பளம் வாங்கும் தாதி மருத்துவமனையில் தாய்மாரிடம் பேசக் கூடாது. சிங்கப்பூர் வீடுகளுக்கு வந்த வெள்ளை உடுப்பு நினைவுக்கு வருகிறதா? 1939-இல் ஒரு பெண் தனியாகச் சொன்னதை 42 ஆண்டுகள் கழித்து உலகம் எழுத்தில் வைத்தது.

1991-இல் உலகத் தாய்ப்பால் நடவடிக்கைக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் தலைமைச் செயலகம் பினாங்கில் அமைந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகமெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் அந்தக் கூட்டமைப்பு 1992-இல் தொடங்கி வைத்ததே.

எண்ணிக்கை சான்றாகுமா?

இங்கே ஒரு குறும்புக் கேள்வி எழலாம். கூட்டத்தைப் பார்த்து நம்பக்கூடாது என்றால், 118 நாடுகளின் ஓட்டை மட்டும் நம்பலாமா?

நியாயமான கேள்வி. 118 என்ற எண்ணிக்கைக்காக அந்த நெறிமுறையை நம்ப வேண்டியதில்லை. புட்டியால் வரும் வயிற்றுப்போக்கு, தண்ணீர் கூட்டிய பாலால் வரும் மெலிவு, தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தி என்று அதன் பின்னால் நிற்கும் சான்றுகளுக்காக நம்பலாம். ஒரே ஓட்டு விழுந்திருந்தாலும் அந்தச் சான்றுகள் மாறியிருக்காது.

பழமைக்கும் இதே அளவுகோல்தான். பிரசவித்த தாய்க்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுத்துப் பால் சுரக்கப் பாடுபட்ட அதே பாட்டிமார்களில் பலர், முதல் நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீச்சிக் கொட்டச் சொன்னார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தது. அந்தச் சீம்பாலே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து என்று இன்று மருத்துவம் சொல்கிறது. கம்பெனி கூட்டிய கூட்டம் மட்டும் தவறு செய்யவில்லை. பரம்பரை கூட்டிய கூட்டமும் செய்தது.

கூட்டத்துக்கு மனிதன் ஏன் இப்படி வளைகிறான்? 1951-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் சோலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார். சில கோடுகளைக் காட்டி எது சம நீளம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஏற்பாட்டின்படி தவறான விடையைச் சொன்னார்கள். கடைசியில் இருந்த ஒருவர் மட்டும் விவரம் அறியாதவர். அப்படிப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்த தவறான விடை! ஆனால் அதே சோதனையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், தவறு பெருமளவு குறைந்தது. ஒற்றைக் குரலின் மதிப்பு அதுதான். ரோட்டரி சபையில் எழுந்த டாக்டரின் குரலும், பினாங்குச் சங்கத்தின் குரலும் அந்த வேலையைத்தான் செய்தன.

இன்று எந்த வண்டி?

கதை முடிந்துவிட்டதா? மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 2006-இல் 14.5 விழுக்காடு. 2016-இல் அது 47.1 விழுக்காடாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விளம்பர வண்டி வேறு தெருவுக்குத் திரும்பிவிட்டது. கைக்குழந்தைப் பாலை விளம்பரப்படுத்தக் கட்டுப்பாடு வந்ததும், ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான 'வளரும் குழந்தைப் பால்' முன்னுக்கு வந்தது. டின்னின் நிறமும் முத்திரையும் ஒன்றுபோல் இருக்கும்போது, எண்ணை மட்டும் மாற்றிப் போட்ட பாலைத் தாய் எப்படிப் பிரித்தறிவாள்? மூன்று வயது வரைக்குமான இத்தகைய பாலும் தாய்ப்பாலுக்கு மாற்றுதான் என்று உலகச் சுகாதார மாநாடு 2016-இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 8 நாடுகளில் 8,500 பெற்றோரையும் கர்ப்பிணிகளையும் விசாரித்து 2022-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவர்களில் 51 விழுக்காட்டினரைப் பால் கம்பெனிகளின் விளம்பரம் தேடி வந்திருந்தது. இப்போது வெள்ளை உடுப்பு தேவையில்லை. கைப்பேசியில் ஒரு பிரபலத் தாய் சிரித்தால் போதும். கீழே ஆயிரம் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருப்பார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தாய் இல்லாத குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் பால் கொடுக்க முடியாத தாய்க்கும் மாவுப் பால் உயிர் காக்கும் பொருள். அதைக் கொடுப்பவள் குற்றவாளி அல்ல. பொருள் ஒரு பக்கம். அதை விற்கும் வாதம் வேறு பக்கம். கண்டிக்கப்பட வேண்டியது வாதம்.

எந்தப் பொருளானாலும், 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்ற வாசகம் காதில் விழும்போது மூன்று கேள்விகள் போதும். யார் எண்ணிச் சொன்ன 'எல்லாரும்'? அந்தக் கூட்டத்தைச் சேர்க்கக் காசு கொடுத்தது யார்? வாங்கியவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? முதல் இரண்டுக்கும் விளம்பரம் பதில் சொல்லாது. மூன்றாவதற்குப் பதில் சொல்ல ஒரு சிசிலி வில்லியம்ஸ் தேவைப்பட்டார்.

புக்கிட் தெங்கா தேநீர்க் கடை மேசையில் அந்த டின் இன்னும் நிற்கிறது. தேநீர் ருசியாகத்தான் இருக்கும். குடிக்கும்போது, தாளில் இருக்கும் அந்தப் பொடி எழுத்தையும் ஒரு தடவை படிக்கலாம். அந்த ஒரு வரியை அங்கே ஏற்ற, கூட்டத்துக்கு எதிரே நின்ற சிலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.